பழைய ஜாஸ் பேஸ், 12-ஆம் ஃப்ரெட்டில் 4 மி.மீ. உயரம்: வாங்கலாமா?

நாலுகம்பி:

முதல் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான நாலு கம்பிக் கிட்டார்) வாங்கப் போகிறேன். கிட்டார் ஓரளவு வரும், பேஸ் புதுசு. கையில் இருக்கிற தொகைக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புதுசாக ஒரு தொடக்கநிலை பேஸ்: ஸ்குவையர் அஃபினிட்டி, யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200 என்கிற வரிசையில் ஏதாவது. இன்னொன்று, அதே விலையில் ஒரு படி மேலான பழைய ஜாஸ் பேஸ் வகை. 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), பாசிவ் (உள்ளே பேட்டரி பிரீஆம்ப் இல்லாதது), இரண்டு வால்யூம், ஒரு டோன்.

பழையதைப் பற்றித் தெரிந்தது: 12-ஆம் ஃப்ரெட்டில் (நெக் என்கிற கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஈ கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. படத்தில் சாடில்கள் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டுகள்) நான்கும் தூக்கித்தான் இருக்கின்றன. வால்யூம் திருகும்போது கரகரக்கும், ஒரு வால்யூமைக் குறைத்தால் "ம்ம்ம்" என்று இரையும் என்று விற்பவரே சொல்கிறார். "ஒரு செட்டப் போட்டால் எல்லாம் சரியாயிடும்" என்பது அவர் வாக்கு. நேரில் அரைமணி நேரம் கிடைக்கும். எதைப் பார்க்க வேண்டும், எதற்காகத் திரும்பி வந்துவிட வேண்டும்?

மரவேலைக்காரன்:

அரைமணியில் இருபது நிமிஷத்தை நெக்குக்கே கொடுங்கள். ஜாக், பாட் (வால்யூம், டோன் திருகு), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்), சுதி ஏற்றும் கீ, பிரிட்ஜ் எல்லாம் நாலு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டுகிற சாமான். நெக்கும் போல்ட்டில்தான் நிற்கிறது, ஆனால் இந்த விலையில் நல்ல நெக் தனியாக வாங்கினால் பேஸின் விலையே வந்துவிடும்.

கையில் எடுத்துப் போக வேண்டியது: ட்யூனர் ஆப், மி.மீ. கோடு போட்ட சின்ன ஸ்டீல் ஸ்கேல், சாதாரண 80 ஜிஎஸ்எம் பிரிண்டர் தாள், ஒரு பழைய ஏடிஎம் கார்டு, 1.5 மி.மீ. ஆலன் கீ. சில பேஸ்களில் சாடில் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் 0.050 ஆக இருக்கும், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈ ஏ டி ஜி சுதிக்கு ஏற்றுங்கள். சுதி இறங்கிய பேஸில் நெக்கை அளப்பது வீண், கம்பியின் இழுப்புதானே நெக்கை வளைக்கிறது. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்குங்கள். இப்போது கம்பியே நேர்கோட்டுச் சட்டம். 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? தாள் ஒன்று 0.1 மி.மீ. மூன்று தாள் உரசியும் உரசாமலும் நுழைந்தால் 0.3, அருமை. எட்டு பத்து தாள் போனால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டு) இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஒரு தாள்கூடப் போகாமல் கம்பி ஃப்ரெட்டின் மேலேயே படுத்திருந்தால் பின்வளைவாக இருக்கலாம். ராடைத் தளர்த்தியும் பின்வளைவு மாறாவிட்டால் அந்த நெக் வேண்டாம்.

ராடைத் தொடும் முன் விற்பவரிடம் கேட்டுவிட்டு, கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். கடிகாரத் திசை இறுக்கம், எதிர்த்திசை தளர்வு. இங்கே உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ராட் வேலை செய்கிறதா? கால் சுற்று இறுக்கினால் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைய வேண்டும். ராடின் நட் கல் மாதிரி நின்று, நெக்கும் வளைந்தே இருந்தால் ராடுக்கு இனி இடமில்லை. ஆலன் கீ உள்ளே வழுக்கிச் சுற்றினால் நட்டின் அறுகோணம் தேய்ந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் வண்டி ஏறிவிடுங்கள். பிடிமானமே இல்லாமல் லேசாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், தளர்த்தி விட்டிருக்கலாம். இருபக்க ராடில் நடுவில் அப்படி ஒரு வெற்றுச் சுற்று இருப்பது சகஜம்.

அடுத்தது முறுக்கு. பேஸைத் தலைகீழாகப் பிடித்து, பாடி பக்கத்திலிருந்து நட்டை (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் நெக் முறுக்கிக்கொண்டது. ராடால் முறுக்கை எடுக்க முடியாது.

இப்போது உங்கள் 4 மி.மீ.க்கு வருகிறேன். 12-இல் ஈ 2.5, ஜி 2 மி.மீ. பக்கம் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். நான்கு சாடிலும் தூக்கியிருந்து உயரம் அதிகம் என்றால் இறக்க இடம் இருக்கிறது, அது நல்ல செய்தி. சாடில் தட்டைத் தொட்டபடி கிடந்தும் 4 மி.மீ. இருந்தால்தான் நெக்கின் கோணமே தப்பு. ஆனால் யாரோ வேலை மெனக்கெட்டுச் சாடிலை ஏற்றியிருக்கிறார்கள் பாருங்கள். ஏன் என்பதுதான் என் சந்தேகம். உயரத்தில் நிற்கிற கம்பியில் ஃப்ரெட் உரசாது. "எங்கேயும் உரசல் இல்லை" என்று வாசித்துக் காட்டினால் அது சான்றே ஆகாது. ஈ, ஜி சாடில்களை 2 மி.மீ. இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். சாடிலில் 2 இறக்கினால் 12-இல் 1 மி.மீ. இறங்கும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் 1 முதல் கடைசி ஃப்ரெட் வரை ஒன்றுவிடாமல் அடித்துக் கேளுங்கள். 12-க்கு மேலே தனிக் கவனம். நெக் பாடியோடு சேரும் இடத்தில் மேடு எழும்புவது போல்ட்-ஆன் பேஸ்களின் பழைய வியாதி.

ஃப்ரெட் தேய்மானம் பெரும்பாலும் முதல் ஏழு ஃப்ரெட்டில் இருக்கும். கம்பிக்கு நேர் கீழே லேசான கோடு என்றால் விட்டுவிடலாம். நகம் மாட்டுகிற பள்ளம் என்றால் ஃப்ரெட் உயரத்தைப் பாருங்கள்: 1 மி.மீ. இருந்தால் சீவிச் சமன் செய்ய இடமுண்டு, 0.6-க்குக் கீழே போயிருந்தால் புது ஃப்ரெட்தான். அந்தக் கூலி கொடுத்தால் இந்த விலைப் பேஸில் கணக்கு கட்டாது.

ஈயப்பற்று:

மேலே சொன்னது சரிதான், ஆனால் மின்பக்கம் "கழற்றி மாட்டுகிற சாமான்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். பிக்கப் ஒன்று செத்திருந்தால் அதற்கும் காசுதான்.

இரண்டு புகாரில் ஒன்று புகாரே இல்லை. ஜாஸ் பேஸ் பிக்கப் இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம். இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றைக் குறைத்தால் இரையத்தான் செய்யும், 1960-இல் அந்த பேஸ் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அது வேண்டாம் என்றால் பிரிசிஷன் (ஃபெண்டரின் இன்னொரு பேஸ்) வகைக்குப் போங்கள். 1957-லிருந்து அதில் இரண்டாகப் பிளந்த பிக்கப், தனியாகவே இரைச்சலை அழிக்கும். கரகரப்பு பாட்டின் அழுக்கு. எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை பாட்டின் வாய்க்குள் ஒரு பீய்ச்சு பீய்ச்சி முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் 250 கே பாட் ஒன்று மாற்ற வேண்டும். மலிவு பேஸ்களில் 16 மி.மீ. குட்டி பாட் இருக்கும். முழு அளவு பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும், தட்டை ராவ வேண்டி வரலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் தட்டைத் திறக்காமலே பிக்கப்பைச் சோதிக்கலாம். கேபிளை பேஸில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மீட்டர் முள்ளை வையுங்கள். 20 கிலோஓம் ரேஞ்ச், டோன் முழுசு. ஒரு வால்யூம் முழுசு, மற்றது பூஜ்யம்: அந்தப் பிக்கப்பின் அளவு வரும், ஜாஸ் வகையில் 7 முதல் 8 கிலோஓம். அடுத்ததையும் இப்படியே. பிறகு இரண்டும் முழுசு: இணைச் சுற்று என்பதால் பாதியாகி 3.5 முதல் 4 வரை காட்ட வேண்டும். இரண்டும் முழுசாக வைத்தும் 7-இலேயே நின்றால் ஒரு பிக்கப்பின் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. தனியாக வைக்கும்போது ரேஞ்ச் தாண்டிப் போகிறதே, அதுதான் செத்தது. அப்போது நீங்கள் அளப்பது வெறும் வால்யூம் பாட்டை. ஆக்டிவ் பேஸில் இந்த வித்தை பலிக்காது, நடுவில் பிரீஆம்ப் உட்கார்ந்திருக்கும்.

மீட்டர் இல்லையா? ஆம்பைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு பிக்கப்பாக உயிர்ப்பித்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் காந்தத்தை மெல்லத் தட்டுங்கள். எட்டு காந்தமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் "டக்" என்று கேட்க வேண்டும்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? நல்லது, எர்த் இருக்கிறது. கம்பியைத் தொட்டு ஒன்றும் ஆகவில்லை, ஜாக்கின் இரும்பைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. பிரிட்ஜின் அடியில் ஒரு பற்று, பத்து நிமிஷ வேலை. தொட்டால் கூடுகிறது என்றால் யாரோ ஜாக்கில் இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். ஜாக் நட் ஆடினால் வெளியிலிருந்து சும்மா இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயரைப் பிய்த்துவிடும்.

தாழ்சுதி:

புதுசு என்றால் செட்டப் தேவையில்லை என்று யாராவது நினைத்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள். புதுப் பெட்டியிலும் நட் உயரமாகத்தான் வருகிறது. கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அமுக்கி, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள்: ஒன்றிரண்டு தாள் போதும். அரை மி.மீ. இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் விரலும் வலிக்கும், சுதியும் ஏறிக் கேட்கும். நெக்கின் மேல், கீழ் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டுங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் ஃப்ரெட் நுனி ரம்பம் மாதிரி கிழிக்கும். அது ஒரு அரத்தில் தீர்கிற விஷயம், பேரத்துக்கு ஆகும்.

இன்டொனேஷனை (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுதி சரியாக நிற்பது) பழைய கம்பியில் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். செத்த கம்பி எந்தப் பேஸிலும் சுதி நிற்காது. ஒன்று மட்டும் பாருங்கள். 34 அங்குலம் என்றால் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் 432 மி.மீ. அங்கிருந்து சாடில் வரை ஜி கம்பிக்கு அதைவிட ஓரிரு மி.மீ. கூட, ஈ கம்பிக்கு இன்னும் கொஞ்சம் பின்னால். அந்த இடத்தைத் தாண்டி முன்னும் பின்னும் போக ஸ்க்ரூவில் நீளம் இருந்தால் போதும். 12-இல் அமுக்கிய ஸ்வரம் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் அமுக்காமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) ஏறிக் கேட்டால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கிக் கேட்டால் முன்னுக்கு. புதுக்கம்பி போட்ட பிறகு செய்கிற வேலை இது. 45-105 (கம்பிகளின் தடிமன்) செட்டின் விலையை இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள். பேஸ் கம்பி கிட்டார் கம்பி மாதிரி சல்லிசு இல்லை.

ஜி கம்பியில் 5 முதல் 7 வரை ஒவ்வொன்றாக அடித்து, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஏதோ ஒன்று பக்கத்து ஸ்வரத்தில் பாதி நேரம்கூட நிற்காமல் "தப்" என்று அடங்கினால் அது டெட் ஸ்பாட். ஃபெண்டர் பாணி நெக்கில் நல்ல விலைப் பேஸிலும் இருக்கும். அதற்காக ஒதுக்க வேண்டாம், தெரிந்து வாங்குங்கள்.

எடையையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கேட்பதே இல்லை. ஸ்ட்ராப் போட்டு நின்று, இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கிப் போனால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே இருக்கும். 4 கிலோ பேஸ் சமநிலையாக நிற்பது 3.5 கிலோ தலை சாய்வதைவிட மேல். கை சின்னது என்றால் ஜாஸ் வகையின் 38 மி.மீ. நட் உங்களுக்குச் சாதகம், பிரிசிஷன் வகை 41-42 இருக்கும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேலும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் அதற்கென்று இருக்கிற கம்பி செட்தான் வாங்க வேண்டும்.

கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டுச் சத்தத்தில் வாசிக்கலாம். ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் போகும். ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதற்கான ஸ்பீக்கர் அது இல்லை.

நாலுகம்பி:

போய்ப் பார்த்துவிட்டேன், இன்னும் வாங்கவில்லை. அளவுகள் இதோ.

நெக் இடைவெளி எட்டு தாள். ராட் நட் முதலில் பிடிமானம் இல்லாமல் அரைச் சுற்று போனது, பிறகு பிடித்தது. பிடித்த பின் கால் சுற்று இறுக்கியதில் ஐந்து தாளாகக் குறைந்தது. முறுக்கு தெரியவில்லை. ஃப்ரெட்டில் லேசான கோடுதான். சாடில் ஸ்க்ரூ துருப்பிடித்து அசையவில்லை, இறக்கிப் பார்க்க முடியவில்லை. அந்த உயரத்திலேயே ஜி கம்பியில் 15-ஐ அமுக்கினால் உரசுகிறது. டி கம்பியில் அதே இடத்தில் லேசாக. மற்றெங்கும் இல்லை.

மீட்டர்: நெக் பிக்கப் 7.4. பிரிட்ஜ் பிக்கப் ரேஞ்ச் தாண்டியது. இரண்டும் முழுசு, 7.2.

ஈயப்பற்று:

பிரிட்ஜ் பிக்கப் செத்துவிட்டது. தட்டைத் திறந்து வால்யூம் பாட்டில் வயர் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் ஒரு சொட்டு ஈயத்தில் முடிந்தது. இல்லையென்றால் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். விலை பேசும்போது செத்ததாகவே வைத்துப் பேசுங்கள்.

மரவேலைக்காரன்:

ராட் உயிரோடு இருக்கிறது. எட்டு தாள் ஐந்தானதே போதும், மீதியைக் கம்பி மாற்றும்போது எடுத்துவிடலாம்.

எனக்கு உறுத்துவது அந்த 15. கணக்குப் போடுங்கள். 12-இல் 4 மி.மீ. என்றால், 15-ஐ அமுக்கும்போது 16-க்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.4 மி.மீ. இருக்கும். நல்ல செட்டப்பில் இதில் பாதிதான் இருக்கும், அதுவே உரசாது. இவ்வளவு இடம் இருந்தும் உரசுகிறது என்றால் 16 நன்றாகவே எழும்பி நிற்கிறது. சாடிலை ஏற்றியவர் இதை மறைக்கத்தான் ஏற்றியிருப்பார். ஏற்றியும் ஜி பக்கம் முழுசாக மறையவில்லை.

இனிக் கேள்வி ஒன்றுதான்: ஒரு ஃப்ரெட் எழும்பியிருக்கிறதா, மரமே மேடாகியிருக்கிறதா? ஏடிஎம் கார்டின் குட்டை விளிம்பை ஜி, டி கம்பிகளுக்கு நடுவே ஃப்ரெட்டுகள் மேல் நிறுத்துங்கள். 13 முதல் 17 வரை அந்த விளிம்பு சரியாக மூன்று ஃப்ரெட்டில்தான் உட்காரும். 15-16-17-இல் வைத்து ஆட்டினால் "டிக் டிக்" என்று சீசா மாதிரி ஆடும். அதே ஃப்ரெட்டை ஈ பக்கமும் சோதியுங்கள். 4 முதல் 10 வரை சோதிக்க நீள விளிம்பு. ஜி பக்கம் மட்டும் 16 ஆடி, அக்கம்பக்கம் ஆடாமல் இருந்தால் ஃப்ரெட் நுனி மரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. 14-லிருந்து மேலே எல்லாம் படிப்படியாக உயர்ந்து, இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால் மேடு. மேடு என்றால் நாலைந்து ஃப்ரெட்டைச் சீவ வேண்டும். அந்தக் கூலியோடு செத்த பிக்கப்பும் சேர்ந்தால், தயங்காமல் புதுசுக்குப் போங்கள்.

நாலுகம்பி:

இன்று மறுபடி போனேன். ஜி பக்கம் 15-16-17-இல் தெளிவாக ஆடுகிறது. ஈ பக்கம் ஆடவே இல்லை. 14-15-16-இலும் 13-14-15-இலும் எந்தப் பக்கமும் ஆட்டம் இல்லை. ஃப்ரெட்டின் ஜி பக்க நுனிக்கு அடியில் தாளின் முனை நுழைகிறது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கிவிட்டு மேலே வருகிறது.

மரவேலைக்காரன்:

அப்படியானால் வாங்குங்கள், பிக்கப் விலை, கம்பி விலை, சாடில் துருப்பிடித்த பிரிட்ஜின் விலை மூன்றையும் கழித்துக்கொண்டு. துருவுக்கு முதலில் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், பிரிட்ஜ் மாற்றாமலே தப்பலாம்.

ஃப்ரெட் வேலை: கம்பியைக் கழற்றுங்கள். 16-க்கு இரண்டு பக்கமும் மரத்தில் மறைப்பு டேப் ஒட்டுங்கள். நுனிக்கு அடியில் தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய சூப்பர் க்ளூ ஒரே சொட்டு, ஊசி முனையில். உடனே ஒரு மரக்கட்டையை ஃப்ரெட்டின் மேல் வைத்து, நெக்கின் பின்பக்கம் துணி கொடுத்து கிளாம்ப் போட்டு இறுக்கி விட்டுவிடுங்கள். கட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் கட்டையும் ஃப்ரெட்டும் ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடிப்பதைவிட இது பாதுகாப்பு, அடித்தால் மறுநுனி எழும்பலாம். காய்ந்த பிறகு மறுபடி கார்டு வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாடிலை இறக்குங்கள்.

ஈயப்பற்று:

பிக்கப் ஆர்டர் போடும் முன் அளந்துவிடுங்கள். ஃபெண்டர் அளவில் பிரிட்ஜ் பிக்கப் நீளம் சுமார் 94.5 மி.மீ., நெக் பிக்கப் சுமார் 92. மலிவு பேஸ்களில் இரண்டு குழியும் ஒரே அளவில் வெட்டியிருப்பது உண்டு. புதுப் பிக்கப் மாட்டியதும் இரண்டு வால்யூமும் முழுசாக வையுங்கள். சத்தம் மெலிந்து, அடிப்பகுதியே காணாமல் போய், ரேடியோ மாதிரி கேட்டால் ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். அதற்குப் பிறகு இரைச்சல் அழியாமல் நின்றால் புதுசின் காயில் சுற்று நெக் பிக்கப்புக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வாங்கும்போதே நெக் பிக்கப்பின் காந்தத்தில் திசைகாட்டி வைத்து எந்த முனை மேலே என்று பார்த்துச் சொல்லி, அதற்கு எதிரானதைக் கேட்டு வாங்குங்கள்.